இனாமா? கூலியா?

கணக்குச் சீட்டோடு ஒரு சிறு தட்டு வருகிறது. தட்டிலே சோம்பு, கற்கண்டு. பணம் வைக்கிறோம், மீதி வருகிறது. பரிமாறியவர் சற்று எட்ட நிற்கிறார். நம்மைப் பாராதவர்போல் நம் விரல்களைப் பார்க்கிறார். பத்து ரூபாயை விட்டு எழுவதா, எடுத்துச் சட்டைப் பையில் போடுவதா? அரை நிமிடச் சிந்தனைதான். அந்த அரை நிமிடத்திற்குள் ஒரு சமுதாயக் கேள்வி முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. விட்டுச் செல்லும் அந்தப் பத்து ரூபாய் என்ன? நன்றியா? தருமமா? கொடுக்கப்படாத கூலியின் ஒரு துண்டா?

தோழர்களே! இதற்கொரு கட்டுரையா என்று எண்ணிவிடாதீர்கள். நாக்கைப் பார்த்தே வயிற்று நோயைச் சொல்லுகிறார் மருத்துவர். ‘டிப்ஸ்’ என்று நாம் அழைக்கும் இந்த வழக்கம், மிகப் பெரிதாகவும் மிகப் பளபளப்பாகவும் காட்சி தரும் இடம் ஒன்று உண்டு. முதலில் அங்கே சென்று பார்ப்போம். பிறகு நம் மலைக்குத் திரும்புவோம். அந்த இடம், சொகுசுக் கப்பல்.

2022ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 4ஆம் நாள், சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘கார்டிலியா’ நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் சுற்றுலாப் புறப்பட்டது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். திரைப்படத்திலே மட்டும் கண்ட சொகுசுக் கப்பல், தமிழன் சீட்டு வாங்கி ஏறக்கூடிய பொருளாயிற்று. மகிழ்ச்சிதான். கடல் கடந்தால் சாதி கெடும் என்று சாத்திரம் பேசிய நாட்டிலே, கடலைக் காணக் குடும்பத்தோடு செல்கிறான் என்றால் அதைக் குறை கூறுவோர் நாமல்லர். அந்த ஒரு கப்பலைப் பற்றியதுமன்று என் பேச்சு. இந்தத் தொழில், குறிப்பாக அமெரிக்கப் பெருநிறுவனங்களின் கைகளில், உலகெங்கும் வளர்த்து வைத்திருக்கும் வழக்கத்தைப் பற்றியதே என் பேச்சு.

அங்கே விலை எப்படிப் பேசுகிறது, கேளுங்கள். சீட்டு மலிவு என்று விளம்பரம் அழைக்கிறது. ஏறியபின்தான் வணிகம் தொடங்குகிறது. பெருநிறுவனங்களின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சீட்டு விற்றதால் வருவதன்று. ஏறியவரிடம் விற்பதால் வருவது. மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா, கடைச் சரக்கு என்று அது பல வழியில் வருகிறது. கரையிலே ஒரு கடையில் விலை மிகுதியென்றால் அடுத்த கடைக்கு நடக்கலாம். நடுக்கடலில் எங்கே நடப்பது? வீட்டிலிருந்தே புட்டி கொண்டுவந்தால், பல கப்பல்களில் வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, பயணம் முடிந்த பிறகுதான் திருப்பித் தருகிறார்கள். நாற்புறமும் நீர், நடுவே ஒரு சந்தை, அந்தச் சந்தையில் வணிகன் ஒருவனே! எனவே ஒரு கோப்பை மதுவுக்கு அவன் சொன்னதே விலை.

அந்த விலையும் முழு விலையன்று. கோப்பைக்குக் குறித்த தொகையின்மேல், ‘பணியாளர் அன்பளிப்பு’ என்று நூற்றுக்கு 18 அல்லது அதற்கு மேல், தானாகவே ஏறுகிறது. இதுவன்றி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர், குடித்தாலும் குடிக்காவிட்டாலும், அதே அன்பளிப்பின் பெயரால் கணக்கில் சேர்கிறது. நால்வர் கொண்ட குடும்பம் ஏழு நாள் பயணம் செய்தால், நாளுக்கு 18 டாலர் என்று கொண்டாலே, 504 டாலர்!

கட்டாயம் என்றால் அன்பு ஏது? அன்பு என்றால் கட்டாயம் ஏன்? இந்த எளிய கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால், கப்பலின் அடித்தளத்தில் கொண்டுபோய் விடுகிறது வழி.

அங்கே உழைப்பவர் யார்? பிலிப்பைன்ஸ் நாட்டார், இந்தோனேசியர், இந்தியர். ஏழை நாடுகளின் இளைஞர்கள். 2024 சனவரியில் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ கப்பலில் பணியாளர் மட்டும் ஏறத்தாழ 2,350 பேர். நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவில்; கப்பலில் பறப்பதோ பஹாமாஸ் நாட்டுக் கொடி! பனாமா, பஹாமாஸ், லைபீரியா என்று எந்த நாட்டில் வரியும் சட்டமும் இளகியிருக்கின்றனவோ, அந்த நாட்டுக் கொடியை ஏற்றிக்கொள்வது இத்தொழிலின் பழைய தந்திரம். கொடி மாறினால் கூலிச் சட்டமும் மாறுகிறது. ஆறு, எட்டு, ஒன்பது திங்கள் ஒப்பந்தம். வாரத்தின் ஏழு நாளும் வேலை. 2006இல் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்பாடு, கப்பல் தொழிலாளிக்குக் கிடைத்த பெரிய காப்பு. மறுக்கவில்லை. அந்தக் காப்பே அனுமதிக்கும் உச்ச வரம்பு என்ன தெரியுமா? ஒரு நாளில் 14 மணி நேரம். ஏழு நாளில் 72 மணி நேரம்!

1923 மே முதல் நாளில், சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் திருநாள் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்ற உரிமைக் குரலின் திருநாள் அது. அதே கடலில் நூறாண்டு கழித்து மிதக்கும் மாளிகைகளின் உள்ளே, அந்தக் குரல் இன்னும் நுழையவில்லை.

பணியாளரின் வருவாயில் பெரும்பகுதியை முதலாளி கூலியாகக் கொடுக்காமல், பயணி அன்பளிப்பாகக் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்ட ஏற்பாடே ‘டிப்ஸ்’. பயணியிடம் வாங்குவது நிறுவனம். பணியாளருக்குக் கொடுப்பதும் நிறுவனம். பெயர் மட்டும் அன்பளிப்பு! கூலி என்று சொன்னால் அது முதலாளியின் கடன். அன்பளிப்பு என்று சொன்னால் அது பயணியின் பெருந்தன்மை. ஒரு சொல்லை மாற்றினான். ஒரு கடமையே தோள் மாறிவிட்டது.

சொல் என்றேன். அந்தச் சொற்களின் பிறப்பைச் சற்றுப் பாருங்கள். இனாம், மாமூல் இரண்டும் அரபு மொழிவழி வந்தவை; பக்ஷீஸ் பாரசீகம். இனாம் என்றால் கொடை. மாமூல் என்றால் வழக்கமானது. மன்னரும் நவாபும் தமக்கு வேண்டியவர்க்கு நிலத்தை இனாமாக அளித்தனர். உழுதவன் உழுதவனாகவே நின்றான். 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்து நிலத்து இனாமை ஒழித்தன. தட்டிலே வைக்கும் இனாம் மட்டும் ஒழியவில்லை.

கப்பலும் நவாபும் எதற்கு? நம் சிற்றூர்க் களத்துமேட்டைப் பாருங்கள். ஆண்டு முழுதும் ஊராரின் அழுக்கை வெளுத்தவரும், முடி திருத்தியவரும், அறுவடை நாளில் களத்து ஓரத்தில் துண்டை விரித்து நின்றார்கள். பண்ணையார் அள்ளிப் போட்டது அளவு; அவர் முகம் மலர்ந்தால் ஒரு மரக்கால், முகம் சுளித்தால் அரை மரக்கால். உழைப்புக்கு விலை பேசப்படவில்லை, கருணைக்குக் காத்திருக்கவேண்டியிருந்தது. தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது ஏன்? கூலியை உரிமையாகக் கேட்க வழியின்றி, இனாமாக வாங்கவேண்டியிருந்தது ஒரு காரணமன்றோ! எங்கள் கல்வராயன் மலை, 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே, இந்த மண்ணின் மலையாளி மக்களுக்கு ஜாகீர் ஆட்சியிலிருந்து விடுதலை கிடைத்தது. ஜாகீர் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்த நாட்களின் நினைவு இங்கே இன்னும் அழியவில்லை. கூலிக்கும் கருணைக்கும் உள்ள வேறுபாட்டை எங்களுக்கு நூல் கற்பிக்கவேண்டியதில்லை.

‘ஈகை தமிழன் பண்பாயிற்றே, கொடுப்பதைக் குறை கூறலாமா?’ என்று கேட்பர் சிலர். ஈகையை நான் பழிக்கவில்லை. ஈகை என்பது, திருப்பித்தர ஒன்றுமில்லாதவனுக்கு, அவன் இல்லாமையை உணர்ந்து அளிப்பது. கூலி என்பது, ஏற்கெனவே தந்துவிட்டவனுக்கு, நாம் பட்ட கடனைத் தீர்ப்பது. பசித்தவனுக்குச் சோறிடுவது ஈகை. சோறு பரிமாறியவனுக்குக் காசு தருவது எப்படி ஈகையாகும்? அவன் உழைப்பை வாங்கிக்கொண்டு, உழைக்காதவனுக்குத் தருவதுபோல் தருகிறோமே, அதுதான் டிப்ஸில் உள்ள கேடு. கொடுப்பவன் கடனாளி, ஆனால் வள்ளல் வேடம் பூணுகிறான். வாங்குபவன் கடன் கொடுத்தவன். ஆனால் வணங்கி நிற்கிறான்.

இது நம் நாட்டின் நோய் மட்டுமன்று. அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்த சில ஆண்டுகளில், ஜார்ஜ் புல்மன் என்ற தொழிலதிபர் படுக்கை வசதி கொண்ட இரயில் பெட்டிகளை ஓட்டினார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் பணியாளராக அமர்த்தினார். கூலி சொற்பம், மீதியைப் பயணிகளின் இனாம் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. பயணிகள் அந்தப் பணியாளர் அனைவரையும் ‘ஜார்ஜ்’ என்றே அழைத்தனர். அடிமையை ஆண்டையின் பெயரால் அழைத்த பழக்கத்தின் மிச்சம்! இனாம் வேண்டுமானால் பெயரையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1925இல் பிலிப் ராண்டால்ப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு போராடி 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டார்கள். இனாமைக் கூட்டு என்று கேட்கவில்லை. கூலியைக் கூட்டு, வேலை நேரத்தைக் குறை என்று கேட்டார்கள்.

அதே நாட்டில் இன்னொரு பாடமும் உண்டு. 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடை செய்து சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926க்குள் அத்தனை சட்டங்களும் மறைந்தன. ஏன்? கொடுப்பவனையும் வாங்குபவனையும் குற்றவாளியாக்கிய சட்டம், கூலியைக் கூட்டாத முதலாளியைத் தொடவில்லை. 1966இல் வந்த திருத்தமோ தலைகீழ்: டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி குறைவாகவே கூலி தரலாம் என்றது. அந்தக் குறைந்த கூலி, கூட்டரசுச் சட்டப்படி, 1991 முதல் மணிக்கு 2 டாலர் 13 சென்ட். இனாம் போதாவிட்டால் குறைவை முதலாளி ஈடு செய்யவேண்டும் என்கிறது சட்டம். எனினும் முதல் சுமை வாடிக்கையாளர் தலையில்தான். பிச்சைப் பாத்திரத்தைச் சட்டமே கையில் கொடுத்துவிட்டது.

‘டிப்ஸ் இருந்தால்தான் பணி சிறக்கும்’ என்பது அடுத்த வாதம். அப்படியா? இரவெல்லாம் விழித்து இரயிலைச் செலுத்தும் ஓட்டுநருக்கு யார் டிப்ஸ் தருகிறார்கள்? வண்டி ஒழுங்காக ஓடவில்லையா? நான் பள்ளி ஆசிரியன். பாடம் நன்றாக இருந்தது என்று ஒரு மாணவனின் தந்தை பத்து ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனால், அது எனக்குப் பாராட்டா, பழியா? ஆசிரியருக்குப் பழியாவது, பரிமாறுபவருக்கு மட்டும் எப்படிப் பரிசாகும்? அறிவுத் தொழிலுக்குச் சம்பளம், கைத் தொழிலுக்கு இனாம் என்று பிரித்தது யார்? தொழிலை மேல் கீழ் என்று பிரித்த அதே பழைய புத்திதான்!

கேடு இதோடும் நிற்கவில்லை. இனாம், கண்ணுக்குத் தெரிபவரைத்தான் தேடுகிறது. பரிமாறுபவர் கையில் விழுகிறது. பின்கட்டில் எச்சில் தட்டைக் கழுவும் அம்மையாருக்கு யார் வைப்பார்? இனாமை எதிர்பார்த்து வாழவேண்டிய பெண், வாடிக்கையாளரின் பொருந்தாப் பார்வையையும் பொருந்தாச் சொல்லையும் புன்னகையோடு பொறுக்கவேண்டியிருக்கிறது. சிரிப்பு கூட வேலையின் பகுதியாகி, அந்தச் சிரிப்புக்கும் விலை வைத்துவிடுகிறது இந்த முறை. மாத ஊதியம் பெறுகிறவர் முகத்தைத் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். இனாமை நம்பியவருக்கு முகமும் சொந்தமில்லை.

கப்பல் நமக்கு எட்டாத பொருளென்று இருந்துவிட வேண்டா. மதுவின் விலைக்குள்ளே மனிதரின் உரிமை மறைந்து கிடப்பதைக் காண நடுக்கடல் செல்லவேண்டியதில்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில் இருக்கிறது. புட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் கேட்கிறார்கள் என்பது பட்டிதொட்டியெங்கும் உள்ள முறையீடு. அது இனாமன்று, கேட்டு வாங்குவது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. குறித்த விலைக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் குற்றமே. ஆனால் குற்றத்தைக் கண்டவர் காரணத்தையும் காணவேண்டாமா? அங்கே 23,000க்கு மேற்பட்டோர் நிலையான ஊதிய விகிதமின்றித் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்து வருகிறார்கள். 2025 ஏப்ரலில் திங்களுக்கு 2,000 ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டது. பணி நிரந்தரம் என்ற கோரிக்கையோ நெடுங்காலமாக நிற்கிறது. கூலி குறைந்த இடத்தில் கை நீளும். ஓரிடத்தில் பணிவோடு நீளும். ஓரிடத்தில் அதிகாரத்தோடு நீளும். கப்பலின் அன்பளிப்பும் கடையின் பத்து ரூபாயும் நடையிலே வேறு. பிறந்த வீடு ஒன்று.

விலை பொய் பேசினால் என்ன ஆகும் என்பதை, எங்கள் மாவட்டம் மறக்கமுடியாதபடி கண்டது. 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அரசுக் கடையில் சாதாரணக் குவார்ட்டர் 140 ரூபாய். நச்சுச் சாராயப் பொட்டலமோ அதன் பாதிக்கும் குறைவு. கூலி வேலை செய்து திரும்பியவர்கள், கையிலிருந்த காசுக்கு எட்டியதை வாங்கினார்கள். விலை மலிவு என்று எண்ணினார்கள். அந்த விலைக்குள் மறைந்திருந்தது சாவு. உடனே எல்லா விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீண்டன. மெத்தனால் ஆலைச் சரக்கு. மலையில் விளைவதன்று என்பதை நினைத்தவர் சிலரே. சென்னை உயர் நீதிமன்றம் அதன்பின் தானாகவே முன்வந்து, இந்த மலை மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கு எடுத்தது. மலைக்குச் சாலை உண்டா, மருத்துவம் உண்டா, வேலை உண்டா என்ற கேள்வி, சாவு வந்த பிறகாவது கேட்கப்பட்டது.

ஆகவே நான் வந்தடையும் முடிவு இது: விலை என்பது உண்மை பேசவேண்டும். ஒரு பொருளின் விலைக்குள், அதை ஆக்கியவர், ஏந்திவந்தவர், கழுவி வைத்தவர் அனைவரின் நேர்மையான கூலியும் அடங்கியிருக்கவேண்டும். அடங்காத விலை, மலிவான விலையன்று. யாரோ ஒருவரிடமிருந்து திருடிய விலை.

‘அப்படியானால் இனி டிப்ஸ் தரமாட்டோம், கொள்கை!’ என்று கையை இறுக மூடிக்கொள்ளக் கிளம்பும் நண்பருக்கு ஒரு சொல். நில்லுங்கள். அந்தக் கொள்கைக்கு விலை கொடுப்பவர் நீங்களல்லர். அன்றிரவு வெறுங்கையோடு வீடு திரும்பும் தொழிலாளி. முதலாளியின் குற்றத்துக்குப் பணியாளரைத் தண்டிப்பது பகுத்தறிவாகாது. கூலி சரியாகும்வரை கொடுங்கள். ஆனால் வள்ளலாக எண்ணிக் கொடாதீர்கள். கடனில் ஒரு பகுதியைத் தீர்ப்பவராகக் கொடுங்கள். வணக்கத்தை எதிர்பாராதீர்கள். ‘டேய், தம்பி’ என்று விரல் சொடுக்காதீர்கள். கொடுத்த கையோடு நின்றுவிடாமல், ‘இங்கே திங்கள் ஊதியம் எவ்வளவு? இந்தக் கட்டணத்தில் உங்களுக்கு வருவது எவ்வளவு?’ என்று கேளுங்கள். கேள்வியே முதற்படி.

முடியாத கனவு என்பார்க்கு, முடிந்த இடங்களைக் காட்டுவோம். பிரான்சு நாட்டில் 1987 முதல் உணவுவிடுதியின் விலைப் பட்டியலில் குறித்த தொகைக்குள்ளேயே பணிக் கட்டணம் அடங்கியிருக்க வேண்டும். ஜப்பானில் டிப்ஸ் வழக்கமே இல்லை. மேசையில் காசை விட்டால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவந்து தருவார்கள். இந்தியாவிலும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உணவுவிடுதிகள் ‘சேவைக் கட்டணம்’ என்று தாமாகவே கணக்கில் ஏற்றக்கூடாது என்று நெறி வகுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. நல்லது. வாடிக்கையாளரின் பக்கம் பாதி நீதி கிடைத்தது. கூலி என்ற மறுபாதி இன்னும் பாக்கி. அதைக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும், அதைச் செயல்படுத்தும் அலுவலரும், தட்டிக்கேட்கும் சங்கமும் சேர்ந்துதான் கொண்டுவர முடியும். நுகர்வோரும் தொழிலாளியும் எதிரிகள் அல்லர். ஒரே கணக்குச் சீட்டில் இருவரும் ஏமாற்றப்படுகிறவர்கள்.

இறுதியாக, எங்கள் மலை இளைஞர்களுக்கு ஒரு சொல். கரியாலூருக்குக் கோடையில் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அருவிக்கு வழி காட்டுகிறீர்கள், சுமை தூக்குகிறீர்கள், மிளகும் தேனும் விற்கிறீர்கள். பள்ளி முடித்தவர் சிலர் கேட்டரிங் படித்து நகரத்து ஓட்டல்களுக்கும் செல்லத் தொடங்கிவிட்டீர்கள். நாளை கப்பலேறுவோரும் உங்களில் இருப்பார்கள். செல்லுங்கள், உலகைக் காணுங்கள். வேலையில் இழிவு இல்லை. தட்டு ஏந்துவதிலும் இழிவு இல்லை. இழிவு, ஏந்திய தட்டுக்கு விலை சொல்லாமல் இருப்பதில்தான். வழி காட்டப் போகுமுன் ‘இவ்வளவு’ என்று சொல்லுங்கள். ‘பார்த்துக் கொடுங்க சார்’ என்ற சொல்லை மலையிலிருந்து உருட்டிவிடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், ஊதியம் எவ்வளவு, அன்பளிப்பு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அன்பளிப்பைக் காட்டி ஊதியத்தைக் குறைத்தால், அது உங்கள் உழைப்பை உங்களுக்கே இனாமாகத் தரும் வித்தை என்று அறியுங்கள்.

களத்துமேட்டில் துண்டு விரித்து நின்ற காலம் போகவேண்டும் என்றுதான் நம் முன்னோர் போராடினார்கள். துண்டு மீண்டும் தோளுக்கு ஏறியது. அது வெள்ளித் தட்டாக உருமாறி, மதுக் கோப்பைக்குப் பக்கத்தில் வந்து அமர விடலாமா? உழைத்தவனுக்கு உரியது கூலி, உரியதைத் தருவது கடமை, கேட்பது உரிமை. இந்த மூன்றுக்கும் நடுவே இனாமுக்கு இடமில்லை.